செவிலிக்கு மேற்படிப்பு எதற்கு?

செவிலியர் கல்வியில் முதுகலைப் பட்டம் என ஒன்று உண்டு என்பதே நம்மவருள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. பொறியியலில் முதுகலை, கணிதத்தில் முதுகலை என்றால் தலையசைத்து மகிழும் அன்பர்கள், 'எங்கள் மகள் நர்ஸிங்கில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள்' என்று நாங்கள் சொன்னபோது ஒரு கணம் பேசாது நின்றனர். ஊசி போடவும் மாத்திரை கொடுக்கவும் இத்தனை படிப்பு எதற்கு என்று வெளிப்படையாகவே கேட்டவர் சிலர். கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டவர் பலர். அவர்கள்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. அதே கேள்வியை எங்கள் வீட்டுக்குள் நாங்களும் பல இரவுகள் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு ஆண்டுக் காலம் அப்படிப்போடு ஒரு குடும்பமாக வாழ்ந்து முடித்தபின், எங்களுக்கு விளங்கியதைச் சங்கத்து இதழில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இப்படிப்பு நேற்று முளைத்ததன்று. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டில், நாட்டின் சுகாதார நிலையை ஆராய சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. (யுத்த காலத்துக் குழுவின் தலைவர் பெயரும் 'போர்' என்றே அமைந்தது தமிழருக்கு மட்டும் புரியும் வேடிக்கை.) 1946-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, நாடு முழுவதிலும் பயிற்சி பெற்ற செவிலியர் ஏறத்தாழ 7,000 பேரே உள்ளனர் என்றும், ஏறக்குறைய 43,000 மக்களுக்கு ஒரு செவிலி என்ற கணக்கில் நாடு நிற்கிறது என்றும் எடுத்துரைத்தது. செவிலியர்க்குக் கல்லூரிக் கல்வி வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அதே 1946-இல் இரண்டிடங்களில் செவிலியர் பட்டப் படிப்பு தொடங்கியது. ஒன்று, பின்னாளில் ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கிய தில்லிக் கல்லூரி. மற்றொன்று நம் வேலூர். ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே 1909-ஆம் ஆண்டிலேயே செவிலியர் பள்ளியைத் தொடங்கிவிட்டிருந்தார். முதுகலைப் படிப்பு இந்தியாவில் முதன்முதலாக 1959-இல் அந்தத் தில்லிக் கல்லூரியில்தான் தொடங்கியது. வேலூரில் அது 1960-களின் இறுதியில் வந்தது. ஆக, தமிழகத்தில் பிறந்து தலைநகரில் பிழைக்க வந்த நம்மைப் போன்றோர்க்கு இப்படிப்பின் இரண்டு தாய்வீடுகளுமே பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன. லாஜ்பத் நகர்ப் பக்கம் பேருந்தில் போகும்போது அக்கல்லூரியின் பெயர்ப் பலகையை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் மகள் தில்லியில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிப் படிப்பு இங்கே. நான்காண்டு நர்ஸிங் பட்டம் தமிழ்நாட்டில் ஒரு தனியார் கல்லூரியில். 2016-இல் பட்டம் பெற்றுத் திரும்பியதும், இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்வதற்கு முன் ஓர் அலைச்சல் இருந்தது. தமிழ்நாட்டுச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தவர் தில்லியில் பணி செய்ய வேண்டுமானால், அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்குள்ள மன்றத்தில் மீண்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊரில் படிக்கும் பெண்களைப் பெற்ற அன்பர்கள், படிப்பு முடிந்தவுடனேயே இதைச் செய்துவிடுதல் நலம். சென்னையிலிருந்து ஒரு காகிதம் தில்லி வந்து சேர எடுத்துக்கொள்ளும் காலத்தை, ரயிலின் வேகத்தைக் கொண்டு கணிக்க இயலாது.

ஐந்து ஆண்டுகள் அம்மருத்துவமனையில் பணி. 2020-இல் கொரோனா வந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லியில் ஆக்சிஜனுக்காக மக்கள் பட்ட பாட்டை இங்கே மீண்டும் எழுத வேண்டியதில்லை. இதைப் படிப்பவருள் பலர் அதில் உற்றாரை இழந்தவர். அந்நாள்களில் மகள் வீட்டுக்கு வந்தால் வாயிற்படிக்கு வெளியிலேயே உடைகளைக் களைந்து வாளியில் போட்டுவிட்டு, மொட்டை மாடி அறையில் தனியே உண்டு தனியே உறங்கினாள். அலை அடங்கியபின், இனி அவள் வெளிநாடு போவாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். உடன் வேலை பார்த்த பெண்கள் வரிசையாக இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போய்க்கொண்டிருந்தனர். ஆங்கிலத் தேர்வு ஒன்று, அந்நாட்டு மன்றத்தின் தேர்வுகள், பிறகு விமானம். அதற்கு இளநிலைப் பட்டமே போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: "அம்மா, நான் வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறேன்."

எங்களுள் ஒருவர் அரசாங்கத்தில் கணக்குப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அவர் உடனே காகிதமும் பேனாவும் எடுத்தார். இரண்டு ஆண்டுச் சம்பளம் இல்லை. அது ஒரு தொகை. கல்லூரிக் கட்டணம், புத்தகம், ஆய்வேட்டுச் செலவு; அது மற்றொரு தொகை. வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது? தனியார் மருத்துவமனைகளில் முதுகலை படித்தவர்க்குத் தரும் சம்பளம், படிக்காதவர் சம்பளத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதாகத் தெரியவில்லை. உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலின்பேரில் 2016-இல் அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த சிறு மருத்துவமனையிலும் செவிலிக்கு மாதம் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் அரசு ஊதியத்துக்கு நிகராகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை எத்தனை மருத்துவமனைகளின் சம்பளப் பட்டியலில் இடம்பெற்றது என்பதை, வீட்டில் செவிலி உள்ளவர்கள் அறிவார்கள். கணக்குப் போட்டவர் கோட்டை இழுத்து, கீழே ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார்.

அதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. மகளுக்கு அப்போது வயது 27. வங்கியில் திருமணத்துக்கென்று ஒரு வைப்புத் தொகை வைத்திருந்தோம். மதுரையிலிருந்து அவளுடைய பெரிய மாமா தொலைபேசியில் அழைத்து, "பெண்ணைக் கரையேற்ற வேண்டிய வயதில் காலேஜுக்கு அனுப்புகிறீர்களா?" என்றார். ஜாதகம் வாங்கிப் போன இடங்களிலிருந்து வந்த பதில்களோ வேறு விதம். ஒரு வீட்டார், இரவுப் பணி உள்ள பெண் எங்களுக்கு ஒத்துவராது என்று நாகரிகமாகச் சொன்னார்கள். மற்றொரு வீட்டார், "முதுகலை முடித்தால் காலேஜில் டீச்சராகலாமே, அதன்பின் பேசலாம்" என்றார்கள். முதல் வீட்டாரிடம் எங்களுக்குக் கோபம் வரவில்லை. இரண்டாம் வீட்டாரின் சொல்தான் உள்ளே தைத்தது. நோயாளியின் படுக்கையருகே நின்றதை ஓர் அழுக்காகவும், பட்டத்தை அவ்வழுக்கைக் கழுவும் சோப்பாகவும் அவர்கள் கருதினார்கள். இத்தனைக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர் கொரோனாவில் பிழைத்து எழுந்தவர்; அவரை எழுப்பி உட்கார வைத்தது யாருடைய கை என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

'எதற்கு' என்று மகளையே கேட்டோம். அவள் சுற்றி வளைக்காமல் ஒரு நோயாளியின் கதையைச் சொன்னாள்.

விழுப்புரத்துப் பக்கத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர், தில்லிக்கு அருகே விபத்தில் அடிபட்டு அவள் வார்டுக்கு வந்தார். தலையில் அறுவை, அது நன்றாகவே முடிந்தது. ஊரிலிருந்து அவர் மனைவி வந்து சேர்ந்தார். அவருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. வார்டில் தமிழ் தெரிந்தவள் எங்கள் மகள் ஒருத்தியே. ஓட்டுநர் அசைவின்றிக் கிடந்தார். இரவில் பதினெட்டுப் படுக்கைக்கு இரண்டு செவிலியர். மூன்றாவது வாரத்தில் அவர் முதுகின் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதில் சீழ் வைத்தது, காய்ச்சல் வந்தது, மருத்துவமனை நாள்கள் நீண்டன, கொண்டுவந்த பணம் கரைந்தது. கடைசியில் அவர் மனைவி, புண்ணோடேயே அவரை ஊருக்கு அழைத்துப் போனார். அதன்பின் செய்தி இல்லை.

"அவருக்குப் புண் வரும் என்று எனக்கு மூன்றாம் நாளே தெரிந்தது, அப்பா. சொன்னேன். 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டார்கள். கைக்குத் தெரிந்தது, காகிதத்தில் காட்ட எனக்குத் தெரியவில்லை."

அன்றிரவு எங்களுள் தாயானவள் சொன்னாள்: "வங்கியில் கிடப்பது அவளுடைய பணம். அதன்மேல் 'கல்யாணம்' என்று பெயர் எழுதியது நாம்தாமே." வைப்புத் தொகையின் ஒரு பகுதியை மறுவாரம் எடுத்தோம். மதுரை மாமாவுக்குச் சில மாதங்கள் சொல்லவில்லை.

விண்ணப்பத்துக்கு வேண்டியவை அதிகமில்லை. இளநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண், மன்றப் பதிவு, பட்டத்துக்குப் பின் ஓராண்டுப் பணி அனுபவம், பிறகு நுழைவுத் தேர்வு. மூன்றாண்டு டிப்ளமோ படித்த பெண்களுக்கும் வழி உண்டு. அவர்கள் முதலில் இரண்டாண்டு 'போஸ்ட் பேசிக்' பட்டம் முடித்து, அதன்பின் முதுகலைக்கு வரலாம். 1947-ஆம் ஆண்டின் செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதிய ஆணையச் சட்டம் நிறைவேறியிருப்பதால், இனி விண்ணப்பிப்பவர்கள் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எளிதாகத் தோன்றிய அனுபவச் சான்றிதழே எங்களை அலைக்கழித்தது. 2016-இல் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, மருத்துவமனை நிர்வாகம் ஒரு பிணைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கி, அசல் சான்றிதழ்களையும் வாங்கிப் பூட்டிக்கொண்டது. 2011-இல் தில்லியிலும் மும்பையிலும் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தப் பிணைப் பத்திரம் அவர்களுடைய முக்கியக் குறைகளுள் ஒன்றாக இருந்தது. அதன்பின்னும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. பிணைக் காலம் முடிந்து மூன்று ஆண்டுகளாயிருந்தும், 'அதிகாரி விடுப்பு', 'கணினி வேலை செய்யவில்லை', 'அடுத்த திங்கள் வாருங்கள்' என்று நாள் கடந்தது. ஓய்வு பெற்றவர்க்கு நேரம் உண்டன்றோ? அவர் நான்கு முறை போய், அந்த அலுவலகத்து எஃகு நாற்காலியில், கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை உட்கார்ந்தார். சண்டையிடவில்லை. முப்பது ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவர்க்கு, எதிரே பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர் எழுத்தருக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்பது தெரியும். நான்காம் நாள் மாலை சான்றிதழ்கள் யாவும் வந்தன.

முதுகலையில் ஐந்து பிரிவுகள்: மருத்துவ-அறுவைச் செவிலியம், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம். மகள் முதற்பிரிவை எடுத்தாள். முதலாண்டில் செவிலியர் கல்வி முறை, உயர்நிலைச் செவிலியம், ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும். இரண்டாம் ஆண்டில் நிர்வாகம், ஆய்வேடு. இடையிடையே வார்டுப் பணி. காலை ஏழு மணிக்குப் போனால் மாலை வருவாள். இரவு ஒரு மணி வரை விளக்கு எரியும். புள்ளியியலில் உதவலாம் என்று எங்கள் கணக்கர் ஆவலோடு முன்வந்தார். சராசரி வரைக்கும் துணை நின்றார். 'கை ஸ்குயர்' என்ற சோதனை அவர் கைக்கு எட்டவில்லை.

ஆய்வேட்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள் படுக்கைப் புண். படுக்கையில் கிடப்பவரைக் கவனித்துக்கொள்ளும் உறவினர்க்குக் கற்பித்தால், அவர்கள் அறிவும் செயலும் எவ்வளவு மாறுகின்றன என்பதைக் கற்பிக்கும் முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது. நம் நாட்டு வார்டுகளில் நோயாளியைப் புரட்டுவதும் துடைப்பதும் ஊட்டுவதும் பெரும்பாலும் உறவினரே. மேல்நாட்டுப் பாடப் புத்தகத்தில் அந்த உறவினர்க்கு இடமே இல்லை; அங்கே எல்லாம் செவிலியின் வேலை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே, படுக்கைப் புண்ணுக்குப் பொறுப்பு பெரும்பாலும் நோயின்மீது அன்று, கவனிப்பின்மீதே என்ற கருத்தை 1859-இல் எழுதிவிட்டார். பதினெட்டுப் படுக்கைக்கு இருவர் என்ற கணக்கு அவர் முன் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ என்று மகள் சிரித்தாள்.

அவள் படித்ததில் எங்களுக்கு விளங்கியவற்றைச் சொல்கிறோம். படுக்கையில் முதியோர் உள்ள வீடு நம்முள் பல. அசையாது கிடப்பவரின் உடல் எடை, எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோலையும் தசையையும் நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன; இரத்தம் போகாத சதை சாகிறது. முதுகின் அடி, இடுப்பின் இருபுறம், குதிகால், தோள்பட்டை, பின்தலை ஆகியவையே முதலில் கெடும் இடங்கள். முழுக்கப் பக்கவாட்டில் சாய்ப்பது ஆகாது. தலையணை கொடுத்து 30 பாகை அளவு சாய்த்து வைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். தலைப்பக்கத்தை மிக உயர்த்தினால் உடல் கீழே வழுகும். வழுகும்போது தோல் ஒருபுறமும் எலும்பு ஒருபுறமும் இழுபடும். மாற்றும்போது இழுக்கக் கூடாது. இருவராகத் தூக்கி நகர்த்த வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதன்மீதும் படாமல் தொங்க விட வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது நம் பாட்டிமார் வழக்கம், அது தீங்கு. நடுவில் துளையுள்ள வளைய மெத்தையும் தீங்கே. துளையின் விளிம்பு இரத்தத்தைத் தடுக்கிறது.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிடில் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆனால் இச்சோதனை வெள்ளைத் தோலுக்காக எழுதப்பட்டது. நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கல்லாக இறுகியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாளே அவள் கைக்குத் தெரிந்தது இதுதான். அதைக் காகிதத்தில் காட்டும் வழியும் அவளுக்குக் கிடைத்தது. பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரு அமெரிக்கச் செவிலியர் 1980-களில் வகுத்த ஓர் அளவுகோல் உண்டு. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், புரளும் திறன், உணவு, உராய்வு என்ற ஆறு தலைப்பில் மதிப்பெண் இட்டுக் கூட்ட வேண்டும். மொத்தம் 6 முதல் 23 வரை; எண் குறையக் குறைய ஆபத்து கூடும்; 18-உம் அதற்குக் கீழும் எச்சரிக்கை. லாரி ஓட்டுநரின் நிலையை நினைவிலிருந்து கூட்டிப் பார்த்தபோது, அவருடைய எண் பத்தைத் தாண்டவில்லை என்று ஓரிரவு மகள் சொன்னாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆய்வு வேலையில் நாங்களும் கூலியில்லாத உதவியாளர் ஆனோம். கூடத்துத் தரையில் பாயை விரித்து எங்களுள் தாயானவளைக் கிடத்தி, புரட்டும் முறையைப் பழகினாள். (படுத்தவள் இடையிடையே எழுந்து போய் அடுப்பைப் பார்த்து வந்ததால், பாடப் புத்தகம் கூறும் நோயாளிக்கு அவள் ஒத்துவரவில்லை.) உறவினர்க்குக் கொடுக்கும் விளக்கத் தாள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, இந்தியில் பெயர்க்கப்பட்டு, பிறகு வேறொருவரால் மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டுப் பொருள் மாறவில்லை என்று உறுதி செய்யப்பட்டது. அது விதி. தமிழில் ஒரு தாள் வேண்டும் என்பது விதியன்று. அது அவள் விருப்பம். தில்லியில் வளர்ந்தவளுக்குத் தமிழ் பேச வரும். எழுதக் கை தடுமாறும். ஆகவே தமிழ்த் தாளை நாங்கள் எழுதினோம். முதலில் எழுதியது சங்கத்து ஆண்டு மலருக்குரிய நடையில் அமைந்துவிட்டது. மகள் அதைப் படித்துவிட்டு, "அம்மா, அந்த அக்காவுக்கு இது புரியுமா?" என்றாள். எந்த அக்கா என்று அவள் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 'இழுக்காதீங்க, தூக்குங்க' என்று தொடங்கினோம். எழுத்தறியாதவர்க்காக, கடிகார முகம் ஒன்று வரைந்து, ஒவ்வொரு இரண்டு மணிக்கும் எதிரே இடப்புறம், நேர், வலப்புறம் என்று மனித உருவம் வரைந்து சேர்த்தாள்.

உறவினரோடு பேசத் தொடங்கியபின் அவள் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. புரட்ட வேண்டும் என்பது அவர்களுள் பலருக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தும் புரட்டவில்லை. காரணம் அச்சம். மூக்குக் குழாய் பிடுங்கிக்கொண்டால்? ஊசி நழுவினால்? செவிலி திட்டினால்? அவளுடைய வினாத்தாளிலோ அச்சத்தைப் பற்றி ஒரு வினாவும் இல்லை. நடுவில் வினாத்தாளை மாற்ற ஆராய்ச்சி விதி இடம் கொடுக்காது. வழிகாட்டிப் பேராசிரியை, 'மேல் ஆய்வுக்குரியவை' என்ற பகுதியில் அதை எழுதச் சொன்னார். அரைப் பக்கம் எழுதினாள். அந்த ஆய்வேட்டில் எங்களுக்கு முழுதும் புரிந்த பகுதி அந்த அரைப் பக்கமே. அதுவே அதில் சிறந்த பகுதி என்பது எங்கள் துணிபு. அதன்பின் தாளைக் கையில் கொடுத்து விளக்குவதோடு நிறுத்தாமல், குழாயை ஒரு கையால் எப்படிப் பிடித்துக்கொள்வது என்று உறவினரின் கையைப் பிடித்தே காட்டத் தொடங்கினாள். அது ஆய்வுக் கணக்கில் சேராது. வேலை நேரம் முடிந்தபின் செய்தாள்.

2023-இல் பட்டம் வந்தது. ஒரு தனியார் செவிலியர் கல்லூரியில் ஆசிரியை வேலைக்கு அழைப்பும் வந்தது; பகல் வேலை, ஞாயிறு விடுமுறை. ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்த இரண்டாம் வீட்டார், யார் மூலமோ செய்தி அறிந்து மீண்டும் விசாரித்தார்கள். அதே சமயம் எய்ம்ஸ் நடத்தும் அகில இந்தியப் பொதுத் தேர்வை எழுதி, மத்திய அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸிங் ஆபீஸர் பதவிக்கும் தேர்ந்திருந்தாள். 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று முன்பு வழங்கிய பதவிக்கு 2016-இல் மத்திய அரசு தந்த பெயர் இது. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.44,900. எங்கள் கணக்கர் முன்பு கோடிட்டு வைத்த காகிதத்தைத் தேடி எடுத்தார். ஆனால் அந்த வரவை முதுகலைக்கு உரியதாக எழுத இயலவில்லை. அப்பதவிக்கு அனுபவம் உள்ள டிப்ளமோப் பெண்களும் வரலாம்; ஒரே சம்பளம், ஒரே இரவுப் பணி. கோட்டின் கீழே அவர் இன்றும் ஒன்றும் எழுதவில்லை.

அவள் வார்டையே எடுத்துக்கொண்டாள். இரண்டாம் வீட்டாருக்குத் தன் விடையைத் தானே தொலைபேசியில் சொல்லிவிட்டாள்; என்ன சொன்னாள் என்று எங்களிடம் சொல்லவில்லை, மாமாவிடம் சொன்னாளாம். இரவுப் பணியைப் பற்றிக் கவலைப்படாத ஒரு குடும்பத்தோடு இப்போது பேச்சு நடக்கிறது. பையனின் தாயாரே ஊரில் கிராமச் சுகாதாரச் செவிலியாக இருந்தவர்.

படிக்க விரும்பும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியப் பணியில் மனம் இல்லாதவர்க்கென, தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தங்கிப் பயிலும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் சில ஆண்டுகளாக நடக்கிறது. எங்கள் மகள் விண்ணப்பித்த காலத்தில் அது எங்களுக்குத் தெரியாது; தெரிந்திருந்தால் அவள் அதையே எடுத்திருப்பாள் என்று நினைக்கிறோம். அவளைக் கேட்டால், புள்ளியியலை விட்டிருக்க மாட்டேன் என்கிறாள்.

அரசு மருத்துவமனையில் அவள் சேர்ந்து ஓராண்டு கழிந்தபின், அந்த ஆறு தலைப்பு அளவுகோலை வார்டுப் பதிவேட்டில் சேர்க்கத் தலைமைச் செவிலி இசைந்தார். உடனே அன்று, இரண்டு முறை எழுதிக் கொடுத்து, மூன்றாம் முறை எண்களோடு எழுதிக் கொடுத்தபின். இப்போது புதிதாக வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் நாளே மதிப்பெண் இடப்படுகிறது. இரவுச் செவிலியர் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

தமிழ்த் தாளும் கடிகாரப் படமும் எங்களிடம் படிகளாக உள்ளன. அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறோம். வீட்டில் படுக்கையில் பெரியோர் உள்ளவர்கள் எடுத்துப் போகலாம். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று இருவர் சொன்னதால், இம்முறை பெரிய எழுத்தில் அச்சிடக் கொடுத்திருக்கிறோம்.